கழுவாமல் வந்த கால்

அவர் குடித்திருந்தார் என்று நீங்கள் சொன்னது பொய்.

செயலாளர் சார், உங்களைத்தான் சொல்கிறேன். நம் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளராக இருந்துகொண்டு, முதலில் போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். பிறகு பேரவைக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னீர்கள். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் பெயரையும் எழுதவில்லை. நம் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். தெரியாதவர்கள் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும்.

அவர் ஆட்டோ ஓட்டினார். சொந்த ஊர் மார்டள்ளி, தமிழ்நாட்டு எல்லையோரத் தமிழ்க் கிராமம். மைசூருக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. அதனால் எல்லோருக்கும் அவர் மார்டள்ளிக்காரர்தான். செருப்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறும் காலால்தான் பிரேக் மிதிப்பார். செருப்புப் போட்டால் வண்டி பேசுவது கேட்காது என்பார். குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் கரி ஏறிப்போயிருக்கும். பூசையில் சத்தமாகப் பாடுவார், எப்போதும் எல்லோருக்கும் ஒரு தாளம் பிந்தி. பாட்டு முடிந்த பிறகு அவருடைய கடைசிச் சொல் மட்டும் கோயிலுக்குள் தனியாகக் கேட்கும். யாராவது திரும்பிப் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார், நான்தான் என்பதுபோல.

மண்டி மொஹல்லாவில் என் பஞ்சர் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் நடத்தியது, அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். மார்டள்ளிக்காரருக்குக் காற்றுப் பிடிக்க, டீ குடிக்க, சும்மா உட்கார, எல்லாவற்றுக்கும் அந்தக் கடைதான். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். நான் அண்ணா என்பேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பெரிய வியாழனில் இருந்து தொடங்க வேண்டும். இயேசு பிடிபடுவதற்கு முன்னால் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட ராத்திரி அது. அன்றைக்கு அவர் பன்னிரண்டு பேரின் காலையும் கழுவினார். அதற்காகக் கோயிலில் பன்னிரண்டு நாற்காலி போட்டு, பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, சாமியார் அவர்கள் காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். நம் பங்கில் ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும், அதாவது ஒவ்வொரு தெருவின் ஜெபக் குழுவிலிருந்தும், ஓர் ஆள். பீடத்துக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி நாற்காலிக்கு ஆளே இருக்காது. இயேசுவைக் காட்டிக் கொடுத்த சீடன் பெயரில், அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் யூதாஸ் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் அந்த வருஷம் குடும்பத்துக்கு ஆகாது என்றுகூடச் சொல்வார்கள். வேதத்தில் எங்கே அப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

மார்டள்ளிக்காரர் ஒவ்வொரு வருஷமும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். யாரும் தள்ளிவிடவில்லை, அவரே கேட்டு உட்கார்ந்தார்.

மற்ற பதினோரு பேரும் எப்படி வருவார்கள் தெரியுமா? வீட்டில் வெந்நீர் போட்டு, சோப்புப் போட்டு, கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, புது சாக்ஸ் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் ஒருத்தர் பவுடர் வேறு போட்டிருந்தார். தண்ணீர் பட்டதும் அது மாவாகக் குழைந்து சாமியார் கையில் ஒட்டிக்கொண்டது. மார்டள்ளிக்காரர் மட்டும் கடைசிச் சவாரியை இறக்கிவிட்டு, ரோட்டுத் தூசியோடு அப்படியே வருவார். ஏன் அண்ணா, ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு வரக்கூடாதா என்று கேட்டேன்.

"கழுவுன காலைக் கழுவறதுக்குச் சாமியார் எதுக்குங் அம்மிணி?"

"பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். அதுக்குத்தான் கடைசில உக்கார்றேன். என்ர அழுக்கு இன்னொருத்தர் காலுக்குப் போவாது பாருங்க."

பேரவையில் ஒருத்தர் அவரைப் பார்த்து, "என்னப்பா யூதாஸ், வந்துட்டியா?" என்று கேலி செய்தார். அவர் உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "வந்துட்டனுங். என்ர காலையும் கழுவறாங்களாமா."

அவர் வேதம் படித்துத் தேறியவர் இல்லை. பூசையில் காதால் கேட்டதுதான். ஆனால் கேட்டதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார், கடைசி வரை விடவில்லை. யூதாஸ் காட்டிக் கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தே இயேசு அவன் காலையும் கழுவினாரா, இல்லையா? கழுவினார். முடிந்தது. அதற்கு மேல் அவருக்குச் சாமியாரின் மறையுரை தேவைப்படவில்லை.

நீங்களும் அவரும் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள் செயலாளர் சார். அப்போது நீங்கள் செயலாளர் இல்லை. ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் வருவீர்கள். ஒருநாள் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணா, காட்டிக் கொடுத்தவனுக்கு இவ்வளவு வக்காலத்தா?"

"வக்காலத்து இல்லீங். அவெ பண்ணுனது துரோகந்தான். ஆனா பேதுருவும் அவரைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிப்போட்டு ஓடுனவருதான? அவருக்கு ஏரிக்கரையில மீனைச் சுட்டு வெச்சு, வா சாப்பிடுன்னு கூப்பிட்டாரில்ல? யூதாசு மட்டும் அவசரப்பட்டுத் தொங்காம, அவரு உசுரோட எந்திரிக்கற அந்த மூணு நாளைக்குப் பொறுத்திருந்தான்னா, அவனுக்கும் ஒரு மீன் சுட்டு வெச்சிருப்பாரு."

நீங்கள் சிரித்தீர்கள். சிநேகிதனை மைசூர்க்காரர்போல 'குரு' என்றுதான் கூப்பிடுவீர்கள். "குரு, நீ சாமியாராப் போயிருக்கணும்."

"போயிருப்பேன். என்ர பொண்டாட்டி விடோணுமே."

உங்கள் டீயில் மிதந்த பாலேட்டை அவர்தான் விரலால் எடுத்துப் போட்டார். உங்களுக்கு ஏடு பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். இந்த மாதிரி சின்ன விஷயங்கள்தான் எனக்கு இப்போது ஞாபகத்துக்கு வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்புகின்றன.

அவரைப் பார்த்து எனக்கே கோபம் வந்ததுண்டு. ஒருமுறை அவர் வண்டியின் ஸ்டெப்னி டயர் காணாமல் போனது. அதே ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற ஒருத்தன் அதை என்னிடமே விற்கக் கொண்டுவந்தான். டயரில் இருக்கிற ஒட்டு நான் போட்டது. என் கைவேலை எனக்குத் தெரியாதா? ஆளை உட்கார வைத்துவிட்டு மார்டள்ளிக்காரருக்குப் போன் போட்டேன். வந்தார். டயரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"உன்ர வண்டிக்கு ஸ்டெப்னி இருக்குதா?"

"இல்லண்ணா."

"அப்புறம் எதுக்கு விக்கற? மாட்டிக்க."

எழுந்து போய்த் தன் வண்டியிலிருந்த ஜாக்கியையும் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். "டயரை மட்டும் வெச்சுக்கிட்டு ஜாக்கி இல்லாம என்ன பண்ணுவ?"

அவன் திருந்திவிட்டான் என்று நான் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவன் திருந்தவில்லை. டயரையும் விற்றான், ஜாக்கியையும் விற்றான். நான் அதைச் சொல்லிக் காட்டியபோது மார்டள்ளிக்காரருக்கு ஆச்சரியமே இல்லை.

"அவனைத் திருத்தறதுக்கா நான் குடுத்தேன்? அவனுக்கு இல்லீன்னு குடுத்தேன்."

இந்தப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கும் பாதிதான் பிடிபடுகிறது.

அவர் ஒரு காலத்தில் குடித்தவர்தான். அதை அவரே மறைக்கவில்லை, நான் எதற்கு மறைக்க வேண்டும்? காலையிலேயே தொடங்கிவிடுவார். ஒருநாள் ஆட்டோவைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அதிலேயே கிடந்தார். அவரை எடுத்துப்போய்க் குளிப்பாட்டி, குடியை நிறுத்தும் மையத்தில் சேர்த்தது நீங்கள்தான். லீவு போட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. "அவெ இல்லீன்னா நான் செத்துப் புல்லு மொளச்சிருக்கும்" என்று ஆட்டோவில் ஏறுகிற ஆளுக்கெல்லாம் சொன்னார். நீங்கள் செய்தது பெரிய காரியம். அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் நீங்கள் பின்னால் செய்தது என்னால் பொறுக்க முடியாததாக இருக்கிறது. எந்த இடத்தில் அடித்தால் அந்த மனிதர் விழுவார் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் அடித்தீர்கள்.

தேர் விஷயத்துக்கு வருகிறேன். கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் ஒருத்தர் நீண்ட மூங்கில் கழியோடு நடப்பார். குறுக்கே வருகிற கேபிள் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துத் தேரைப் போகவிடுவது அவர் வேலை. அந்தக் கழி எப்போதும் மார்டள்ளிக்காரர் கையில்தான் இருந்தது. தேர் போகும் வழியும் எப்போதும் ஒன்றுதான். அந்த வருஷம் நீங்கள் புது வீடு கட்டியிருந்தீர்கள். தேர் உங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். தேர் உச்சியில் புதிதாக ஒரு விளக்கு வளைவும் வைக்கச் சொன்னீர்கள். உங்கள் தெரு முனையில் அவர் கழியை ஊன்றி நின்றுவிட்டார். மெழுகுவர்த்தியோடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இந்தத் தெருவுல கரண்டுக் கம்பி தாழ்வுங். மேல இருக்கற வளைவைக் கழட்டிப்போட்டுப் போலாம்."

"ஏன் குரு பயப்படறே? கழியைத் தூக்கிப் பிடி, ஆயிது, அவ்வளவுதான்."

"கரண்டுக் கம்பிய நான் தூக்க மாட்டனுங். இப்படியே திருப்பிக்கலாம்."

"நான் சொல்றேன்ல? நடங்க."

தேரை இழுக்கிறவர்களிடம் கையைக் காட்டினீர்கள். தேர் நகர்ந்தது. வளைவு கம்பியில் உரசியது. மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாலிபன் கருகிப்போய்க் கீழே விழுந்தான். அவனை மடியில் போட்டுக்கொண்டு இன்னொருத்தர் ஓட்டிய ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? நீங்கள் யாரைக் குடிகாரர் என்று சொன்னீர்களோ, அவர்தான். வாலிபன் பிழைத்தான். வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

போலீஸ் கேட்டபோது உங்களுக்கு பயம் வந்துவிட்டது. அரசாங்க வேலை, கேஸ் வந்தால் வேலைக்கு ஆபத்து. பயம் எனக்குப் புரிகிறது. கழிக்காரர்தான் தேரை அந்தத் தெருவுக்குள் விட்டார், அவர் குடித்திருந்தார் என்று சொல்லிவிட்டீர்கள். அவரை ஊதிக் காட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. முன்பு குடித்தவன் இன்றும் குடித்திருப்பான், அவ்வளவுதான் கணக்கு. பேரவைக் கூட்டத்தில் அவர் எழுந்து, "நான் குடிக்கலீங்" என்று சொன்னார். ஒரே ஒருமுறை, சத்தம் போடாமல். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பொம்பளைங்க பக்கத்தில் நின்றவளுக்குத் தேர் முன்னால் நடந்தது எப்படித் தெரியும் என்று உட்கார வைத்தார்கள். அவர் கையிலிருந்து கழி போனது. பன்னிரண்டு பேரில் அவர் பெயர் போனது. கேஸ் கொஞ்ச காலத்தில் சமாதானமாகிப்போனது. ஆனால் வாட்ஸ்அப்பில் போன பேச்சு சமாதானமாகவில்லை.

அவர் காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். குடிகாரன் வண்டியில் பிள்ளையை அனுப்ப முடியாது என்று ஒவ்வொரு வீடாக நிறுத்தினார்கள்.

ஒரு வீட்டைத் தவிர.

அது உங்கள் வீடு. உங்கள் மகள் மட்டும் அந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தாள். முன்பு நிறையப் பைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் தொங்கிய வண்டியில், நடுவில் அவள் ஒருத்தி உட்கார்ந்து, பள்ளியில் நடந்ததையெல்லாம் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவாள். ஒருநாள் மாலை அவளை இறக்கிவிட்டுக் காற்றுப் பிடிக்க வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"உங்களுக்குச் சொரணையே இல்லையா அண்ணா? அந்த ஆள் மகளை இன்னமும் ஏத்திக்கிட்டுப் போறீங்களே."

"புள்ளை என்னங் பண்ணுச்சு?"

"அப்பன் பண்ணினானே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அம்மிணி, நான் குடிக்கலைன்னு இந்த ஊர்ல சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சவன் அவெ ஒருத்தன்தான். இல்லாட்டி என்ர வண்டியில புள்ளைய அனுப்புவானா?"

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் அதைக் கசப்பில்லாமல் சொன்னார். ஊரே நம்பாதபோது நம்புகிற ஒரே ஆள் கிடைத்த மாதிரி சொன்னார். அந்த ஒரே ஆள்தான் பொய் சொன்ன ஆள் என்பது அவருக்குக் கணக்கிலேயே இல்லை.

"அப்ப நீங்க மன்னிச்சுட்டீங்க. அவன் சொன்னது அப்படியே நிக்கட்டும்ங்கறீங்களா?" என்று கேட்டேன்.

"மன்னிச்சாச்சு. அதுக்காக நடந்தது நடக்கலைன்னு ஆயிருமா? அன்னைக்கு இயேசுவும் மறைக்கலையே. பந்தியில எல்லாரும் இருக்கயில, உங்கள்ள ஒருத்தன் என்னைக் காட்டிக் குடுப்பான்னு வாய் விட்டுச் சொன்னாரு. சொல்லிப்போட்டுத்தான் அப்பத்தைத் தொட்டு அவன் கையில குடுத்தாரு. நானும் கூட்டத்துல சொல்லிப்போட்டேன், குடிக்கலைன்னு. மிச்சம் அவெ சொல்லோணும். அவனுக்குப் பதிலா நான் சொல்ல முடியாதில்ல."

"சொல்லலைன்னா?"

"சொல்றவரைக்கும் புள்ளை பள்ளிக்கூடம் போவோணுமே" என்று வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த பெரிய வியாழன் வந்தது. நீங்கள் பீடத்துக்குப் பக்கத்தில் முதல் நாற்காலியில் இருந்தீர்கள். கடைசி நாற்காலி காலி. சாமியார் புதியவர், பதினொன்றாவது ஆளின் காலைக் கழுவி முடித்து, துண்டோடு அந்த நாற்காலி முன்னால் மண்டி போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆளில்லை. பாடகர் குழு அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடியது. யாரும் வரவில்லை. நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். மார்டள்ளிக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வெறும் கால், ரோட்டுத் தூசியோடு. பட்டியலில் பெயரை நீக்கியது தெரிந்தும், எப்போதும்போல கழுவாமலேயே வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் அவருடைய கடைசிச் சொல் மட்டும் பின்னாலிருந்து தனியாகக் கேட்டது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தீர்கள். மூடுவதற்கு முன்னால் குனிந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தீர்கள். இயேசுவைப் பிடித்துக் கொடுக்கத் தோட்டத்தில் யூதாஸ் கொடுத்த இன்னொரு முத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு மைக் பிடித்தீர்கள். கோயிலுக்காக உழைத்தவர், என் உயிர் நண்பர் என்றீர்கள். உங்கள் குரல் உடைந்தது. அந்த அழுகை பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மனைவி என் கையைப் பிடித்தார்.

"அழுகையில எனக்கொண்ணும் காதுல விழலீங். சொன்னாரா?"

"இல்ல அண்ணி."

"மைக்கெல்லாம் வெச்சிருந்தாங்களே" என்றார் அவர்.

இன்றைக்கும் அவரைக் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் சொல்கிறார்கள். விரல் மடங்காத அந்த வாலிபன், ஒரு குடிகாரனால்தான் தன் கை போனது என்று இன்னமும் நம்புகிறான். தன்னை மடியில் தூக்கிப்போன மனிதரின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. செயலாளர் சார், செத்தவருக்கு உங்கள் சொல் வேண்டாம். அவர் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் வேண்டும்.

பெரிய வியாழன் வருகிறது. கடைசி நாற்காலி இந்த வருஷமும் காலிதான். அதில் நீங்கள் வந்து உட்காருங்கள். காலைக் கழுவாமல் வாருங்கள். மார்டள்ளிக்காரர் இருந்திருந்தால் உங்களுக்காக ஒரு மீனைச் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். எனக்கு அந்த மனசு இல்லை. நான் மீன் சுட மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லிவிட்டால் இந்த வாயை மூடிக்கொள்வேன், உங்களைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அன்றைக்குப் பந்தியில் இயேசு, உங்களில் ஒருவன் காட்டிக் கொடுப்பான் என்று சொன்னபோது, யூதாஸ்கூட எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து, நானா என்று கேட்டான். நீங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

அவர் மனைவி முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த வாலிபனை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். மைக் பீடத்தின் பக்கத்திலேயே இருக்கும். ஊர் கேட்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

அவர் குடித்திருந்தாரா, இல்லையா?